ஓஸில் நின்ற தண்ணீர்

"எங்க வீட்டு ஓஸ் மாதிரி இருக்கும் சார்" என்று அந்தப் பெண் சொன்னதும் சிரித்துவிட்டேன். நக்கல் சிரிப்பு இல்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மின்தடையை மாற்றித் தகவலைச் சேமிக்கும் ரெசிஸ்டிவ் மெமரியில், எழுதுவதற்கு விடும் ரைட் கரண்ட் பற்றிப் பேசும்போது நடுவில் ஓஸ் வந்தால் யாருக்கும் சிரிப்பு வரும்தானே?

எங்களுடையவை ஹாஃப்னியம் ஆக்சைடு செல்கள், தகவலைத் தாங்கும் குட்டி அலகுகள். செட் செய்யும்போது, அதாவது ரெசிஸ்டன்ஸைக் குறைத்து எழுதும்போது, ஆக்சைடுக்குள் ஆக்சிஜன் விட்டுப்போன இடங்கள் வரிசை கட்டி இழைபோல ஒரு பாதை உண்டாகும். ரெசிஸ்டன்ஸ் சட்டென்று விழும். அந்த நொடியில் கரண்ட்டைப் பிடித்து நிறுத்தாவிட்டால் இழை பருத்துவிடும். பருத்த இழையை, ரெசிஸ்டன்ஸைத் திரும்ப ஏற்றும் ரீசெட்டில் அறுப்பது லேசில்லை, செல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் 100 மைக்ரோஆம்புக்கு மேல் விடாத டிரைவரை, அதாவது செல்லுக்குக் கரண்ட் ஊட்டும் சர்க்யூட்டை, செய்து வைத்திருந்தோம். அப்படியும் செல்கள் ஒட்டின. காலை வேளையில் கொஞ்சம் கூடுதலாகவே.

காலையில் கூடுதல் என்பதுதான் என்னைக் கவிழ்த்தது. டிசம்பர் மாதக் குன்னூர். ஏழரை மணிக்கு அறைக்குள்ளேயே 11 டிகிரி, மதியம் 20. குளிரில், டிரைவரில் உள்ள டிரான்சிஸ்டரைத் திறக்கத் தேவையான த்ரெஷோல்டு வோல்டேஜ் ஏறும். அதைத் திறக்கும் முனையான கேட்டில் வைத்த வோல்டேஜ் மாறாதிருந்தால் கரண்ட் குறையும், ரீசெட்டுக்குப் போதாது. அளந்து பார்த்தபோது நிஜமாகவே காலையில் எட்டு பத்து மைக்ரோஆம்ப் குறைவு. கையில் காரணம் இருந்தது, அதற்கு எண்ணும் இருந்தது. வேறு என்ன வேண்டும்?

அன்றைக்குத்தான் அவள் கேட்டாள்.

"சார், டிரைவர்லேர்ந்து செல்லுக்குப் போற கேபிள் ஒரு மீட்டர் இருக்கே. அதுல நிக்கிற சார்ஜ் எங்க போகும்?"

"கரண்ட் லிமிட் போட்டிருக்கோம்லம்மா. அதுக்கு மேல எங்கேர்ந்து வரும்?"

"எங்க வீட்டு ஓஸ் மாதிரி இருக்கும் சார். மேல ஊத்துகிட்ட வால்வை அடைச்சுட்டாலும், ஓஸ்ல நிக்கிற தண்ணி கீழ வந்துட்டேதான் இருக்கும்."

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, படகர் கிராமம், அவள் ஊர். சிரித்துவிட்டு, "சரி, முதல்ல குளிரை முடிப்போம்" என்றேன். அவளும் சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்று அன்று யோசிக்கவில்லை. அந்த 'ம்மா'வைப் பற்றியும்தான்.

மூன்று வாரம் குளிரை முடித்தேன். வெப்பம் ஏறினால் த்ரெஷோல்டு இறங்கி கரண்ட் கூடும். எலக்ட்ரான்களின் ஓட்டம் மந்தமாகிக் கரண்ட் குறையவும் செய்யும். குறிப்பிட்ட ஒரு கேட் வோல்டேஜில் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். அந்தப் புள்ளிக்கு டிரைவரைக் கொண்டுவந்த பிறகு காலைக்கும் மதியத்துக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு மைக்ரோஆம்ப்தான். அழகான வேலை, இப்போதும் அதைக் குறை சொல்ல மாட்டேன். செல்கள் ஒட்டுவதும் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காகிதத்தில் கணக்குப் போட்டேன். கோஆக்சியல் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் கபாசிடன்ஸ், அதாவது சார்ஜைத் தேக்கும் திறன். 2 வோல்ட் என்றால் 200 பிகோகூலோம் அதில் காத்திருக்கிறது. 100 மைக்ரோஆம்பில் அதை இறக்க 2 மைக்ரோவிநாடி பிடிக்கும். செல் அதை 20 நானோவிநாடியில் உறிஞ்சினால்? 10 மில்லிஆம்ப். நாங்கள் காவல் போட்டிருந்த அளவைப்போல நூறு மடங்கு. கரண்ட் அளக்கும் மீட்டர் டிரைவர் பக்கம் இருந்தது. அது 100 என்றுதான் காட்டும், டிரைவர் வழியாகப் போனது உண்மையிலேயே 100தான். பொய் சொல்லாத மீட்டரை நம்பித்தான் ஏமாந்தேன்.

கேபிளுக்கும் செல்லுக்கும் நடுவில், செல்லை ஒட்டியே, கரண்ட்டை மட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்தேன். அன்று மாலைவரை ஒரு செல்லும் ஒட்டவில்லை.

சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள். அது தற்செயல் என்று எழுத நினைத்தேன். தெரியவில்லை.

இதில் புதிதாக எதுவும் இல்லை என்பது இன்னொரு உறுத்தல். தேவையற்ற கபாசிடன்ஸைக் குறைத்தால் ரீசெட் கரண்ட் குறைகிறது என்று நிக்கல் ஆக்சைடு செல்களில் அளந்து 2008-லேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டுரை என் லேப்டாப்பிலேயே இருக்கிறது. சிப்புக்குள்ளும் இதே கதைதான், கேபிளுக்குப் பதில் செல்களை இணைக்கும் பிட்லைன் கம்பி. இதைப் பிறருக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன்.

சின்னவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அதே மாதம் அவள் சொன்ன வேறு நாலு யோசனைகள் தப்பு. எல்லாவற்றையும் துரத்தியிருந்தால் மூன்று வாரம் ஆறு வாரமாகியிருக்கும். குளிர்க் கணக்கும் எப்படியும் தேவைப்பட்ட வேலைதான். இதையெல்லாம் அவளிடமே சொல்லிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே வாய் வருவதில்லை.

பெங்களூர்க்காரர்களுக்கு வீடியோவில் விளக்கும்போது ஓஸ் உதாரணத்தைத்தான் சொன்னேன். படமும் போட்டிருந்தேன். "நல்ல உதாரணம்" என்றார் ஒருவர். நன்றி என்றேன். அவளும் இணைப்பில் இருந்தாள், மைக்கை அணைத்துவிட்டு. அவள் பெயரைச் சொல்ல அரை நிமிடம் போதும். நேரமாகிவிட்டது என்று அப்போது தோன்றியது. கூட்டம் முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

சாயங்காலம் மேசைப் பக்கம் வந்தாள்.

"சார், ஸ்லைடுல மேல டேங்க்னு போட்டிருக்கீங்க. எங்க வீட்ல டேங்க் இல்ல சார். ஊத்து."

"மாத்திடறேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். கோபமா, வெறும் திருத்தமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதன்பிறகு இரண்டு முறை அதே ஸ்லைடைக் காட்டியிருக்கிறேன். இன்னும் டேங்க்தான் இருக்கிறது.