சுழல் தொட்டியும் கடலோட்ட மாதிரியும்: இறுதியாண்டு ஆய்வு செய்யப் போறவைக்கு

போன கிழமை பெறுபேறு வந்துவிட்டது. சுழலும் தண்ணீர்த் தொட்டியையும் கணினிக் கடலோட்ட மாதிரியையும் ஒப்பிட்ட என் ஆய்வுக்கு ‘ஏ’. இடைக்கால மதிப்பீட்டில் நான் நின்ற நிலையைப் பார்த்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். அடுத்த வருடம் இதே தலைப்பை எடுக்க நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக, மறக்க முதல் எழுதிவைக்கிறேன்.

வைப்பர் மோட்டாரில் சுழலும் மேசை, அதன்மேல் 90 சென்ரிமீற்றர் விட்டத் தொட்டி, 10 சென்ரிமீற்றர் தண்ணீர், நிமிடத்துக்கு 10 சுற்று. கணினியில் எம்.ஐ.ரி.ஜி.சி.எம். (MITgcm) என்ற கடலோட்ட மாதிரி, அதே தொட்டியைக் கணக்கிடுகிறது. முதல் ஒப்பீடு மிக எளிது: 9.5 சுற்றில் ஓடும் மேசையைத் திடீரென 10க்குக் கூட்டினால், பின்தங்கிய தண்ணீர் மேசையோடு சேர எவ்வளவு நேரம்? தொட்டியில் அந்தப் பின்தங்கல் 37 சதவீதமாகக் குறைய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாதிரியில் பத்து நிமிடத்துக்கும் மேல்.

சமர்ப்பிக்க ஒன்பது நாள்தான் இருந்தது. பயத்தில் மாதிரியின் பிசுக்குமையை (திரவம் ஓட்டத்துக்குக் காட்டும் உள் உராய்வு) ஆறு மடங்காக்கினேன். இரண்டு வளைகோடும் அப்படியே பொருந்தின. அந்த வரைபைத்தான் முதல் பக்கத்தில் போட்டேன்.

“தண்ணியின்ர பிசுக்குமை என்ன?” என்று சேர் கேட்டார். சொன்னேன். “மாதிரிக்கு என்ன குடுத்தனீர்?” அதையும் சொன்னேன். “அப்ப உம்மட மாதிரிக்குள்ள இருக்கிறது தண்ணியில்லை. இது பரிசோதனையில்லை, சமாளிப்பு.” அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இந்தத் தலைப்பின் உயிர் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. உண்மைக் கடலில் சிறு சுழிகள் எவ்வளவு கலக்கின்றன என்று நேரடியாகத் தெரியாது. அதனால் மாதிரிக்காரர் ஒரு சுழிப் பிசுக்குமையை ஊகித்துப் போடுகிறார்கள், பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். தொட்டியில் ஒளிக்க இடமில்லை. ஆழம், வேகம், வெப்பநிலை, பிசுக்குமை எல்லாம் அளந்தவை. மாதிரி பொருந்தாவிட்டால் பிழை மாதிரியில், அல்லது உங்கள் அளவீட்டில். திருகித் திருத்துவதற்கு ஒரு திருகும் இல்லை.

என் பிழை அடித்தளத்தில் இருந்தது. சுழலும் தண்ணீரில் அடித்தளத்தை ஒட்டி, உராய்வு வேலைசெய்யும் மெல்லிய படைக்கு எக்மன் படை என்று பெயர். இந்தச் சுழற்சியில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, ஏறத்தாழ 0.9. நான் ஆழத்தைத் தலா ஒரு சென்ரிமீற்றராகப் பத்துப் படையாக வெட்டியிருந்தேன். தண்ணீரை மேசையோடு சேர்க்கும் வேலை முழுவதும் அந்த மெல்லிய படைக்குள் நடக்கிறது. என் வலையில் அது அகப்படவே இல்லை. அடிப்பக்கத்தில் 0.2 மில்லிமீற்றராக வெட்டி, மேலே போகப் போகப் பெருப்பித்து, தண்ணீரின் சொந்தப் பிசுக்குமையோடு ஓட்டினேன். தொட்டியின் நேரத்தோடு மூன்று நான்கு செக்கன் வித்தியாசத்துக்குள் பொருந்தியது. அந்த நிமிடம் வைவாவே (வாய்மொழிப் பரீட்சை) முடிந்ததுபோல இருந்தது எனக்கு.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது: ஆழத்தை, பிசுக்குமையையும் கோண வேகத்தையும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். வருவது பின்தங்கல் 37 சதவீதமாகக் குறையும் நேரம். எனக்கு 109 செக்கன். மாதிரி, தொட்டி, இந்தக் கணக்கு மூன்றும் ஒத்துவரும்வரை வேறெதையும் தொடவேண்டாம். கடற்கரை வரைபடம், வாடைக்காற்று, பாக்கு நீரிணை எல்லாம் பிறகு.

மற்றவை:

– பிசுக்குமையை 20 பாகை அட்டவணையில் எடுக்காதீர்கள். யாழ்ப்பாண மத்தியானத்தில் எங்கள் தண்ணீர் 30 பாகை. பிசுக்குமை ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

– மின்விசிறியை நிற்பாட்டுங்கள். இரண்டு கிழமை மேற்பரப்பு மட்டும் ஒரு பக்கமாக நழுவியது. காரணம் மேலே சுழன்ற விசிறி. பேர்ஸ்பெக்ஸ் மூடி போடுங்கள், ஆனால் தண்ணீரில் முட்டக்கூடாது. முட்டினால் மேலேயும் ஒரு எக்மன் படை வந்து நேரம் பாதியாகும்.

– கமரா மேசையோடு சேர்ந்து சுழலவேண்டும். மிதவைக்குப் பஞ்ச் பண்ணிய கடதாசிப் பொட்டுகள் போதும். நிறத்துக்குப் பொற்றாசியம் பேர்மங்கனேற்று ஒரு பளிங்கு, ஒன்றே ஒன்று.

– ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன், என்ன வரும் என்று கொப்பியில் பேனையால் எழுதுங்கள். நான் மெதுவாக யோசிக்கிற ஆள், எனக்கு இது தேவைப்பட்டது. கெட்டித்தனமாக உடனே பதில் சொல்கிறவர்களும் செய்து பாருங்கள்.

வைவாவில் முக்கால்வாசி நேரம் ஒரே கேள்விதான்: “இந்தத் தொட்டி எப்படிக் கடலாகும்?” சுழற்சி ஓட்டத்தை எவ்வளவு திருப்பும் என்று காட்டும் கொரியோலிஸ் காரணி யாழ்ப்பாணத்தில் செக்கனுக்கு 0.000024, தொட்டியில் 2.1. எண்பத்தையாயிரம் மடங்குக்கு மேல். ஆனால் செக்கனுக்கு அரை மீற்றர் வேகமும் நூறு கிலோமீற்றர் அகலமும் உள்ள ஓட்டத்துக்கு றொஸ்பி எண் (ஓட்டத்தைச் சுழற்சியோடு ஒப்பிடும் எண், சிறிதென்றால் சுழற்சி பலம்) 0.2 அளவு, தொட்டியிலும் சிறியதுதான். இரண்டிலும் சுழற்சிதான் மேலாட்சி. 1923இல் ஜி.ஐ. ரெய்லர் சுழலும் தொட்டிக்குள், பொருளுக்கு மேலே தூண்போல அதனோடு சேர்ந்து நிற்கும் திரவத்தைக் காட்டியதையும், 1958இல் ஸ்ரொம்மல், ஆரன்ஸ், ஃபொலர் மூவரும் ஆழ்கடல் ஓட்டக் கோட்பாட்டைச் சுழல் தொட்டியில் சோதித்ததையும் சொன்னேன். சேர் தலையாட்டினார். பிறகு அந்தப் பழைய வரைபைக் கேட்டார். பின்னிணைப்பில் வைத்திருந்தேன், ஆறு மடங்கு என்று மேலே எழுதி. அதைத்தான் கனநேரம் பார்த்தார்.

மேசை இன்னும் ஆய்வுகூடத்தின் பின்மூலையில் இருக்கிறது. இடப்பக்கக் காலுக்குக் கீழே மடித்த மட்டைத்துண்டு ஒன்று கிடக்கும். குப்பை என்று எடுத்துவிடாதீர்கள், ஸ்பிரிட் லெவல் வைத்து இரண்டு நாள் மினக்கெட்டு வைத்தது.