எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்கு: எஸ்யூ கார்ப்பரேட்டரும் ஈ20 பெட்ரோலும்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி நடுரோட்டில் நின்றால், உடனே அதன் மின் பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியின் வயரிங்கைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. பாவம் லூகாஸ். சென்னை வெயிலில் பெரும்பாலும் சிக்கல் பெட்ரோல் போகும் வழியில்தான் இருக்கும்.

எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் இரண்டு எஸ்யூ கார்ப்பரேட்டருக்கும் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதிக்கிறது. ஓடும்போது காற்று அடிப்பதால் தெரியாது. தி.நகரில் நிறுத்திவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால்தான் தகராறு. கார்ப்பரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் தேங்கியிருக்கும் பெட்ரோல் அதற்குள் ஆவியாகியிருக்கும். அப்போது ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பலனில்லை. மிதித்ததும் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப் எஸ்யூவில் கிடையாது. பெடலைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். எக்ஸாஸ்ட் சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டை யாராவது கழற்றிப் போட்டிருந்தால் முதல் செலவு அதுதான்.

அடுத்தது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய டியூனிங்கை அப்படியே விட்டால் மிக்சர் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும். உங்கள் எஸ்யூ எச்எஸ்4 மாடல் என்றால் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சரிசெய்யுங்கள். பெட்ரோல் வரும் குழாயான ஜெட், பிஸ்டனுக்கு அடியிலுள்ள மேடையான பிரிட்ஜோடு சமமாக நிற்கும்வரை, ஜெட்டுக்குக் கீழுள்ள நட்டை மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 ஃப்ளாட் (நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்று ஒரு ஃப்ளாட்) இறக்குங்கள். இது ஆரம்பப் புள்ளி மட்டுமே. பிறகு கார்ப்பரேட்டரின் பிஸ்டனை 0.8 மி.மீ. தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்), உடனே குறைந்தால் லீன், லேசாகக் கூடி அடங்கினால் சரி. லீன் என்றால் நட்டை இறக்குங்கள், ரிச் என்றால் ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு ஃப்ளாட், இரண்டு கார்ப்பரேட்டருக்கும் ஒரே அளவு. ஈ20க்கு நட் வழக்கத்தைவிடக் கீழேதான் நிற்கும். ஐடிலிங் சரியாகி வேகத்தில் மட்டும் திணறினால் பிஸ்டனோடு ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் நீடிலையே மாற்ற வேண்டும்.

பிஸ்டன் அசைவை அடக்கும் எண்ணெய்க் கூடான டேஷ்பாட்டில் 20 கிரேடு ஆயில், பிஸ்டன் ராடின் வாய்க்கு மேல் 13 மி.மீ. வற்றினால் மிதித்தவுடன் வண்டி இழுக்காது.

பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் உள்ளிருந்து உரிக்கும். அந்தத் துகள் ஃப்ளோட் சேம்பருக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஃப்ளோட் வால்வில் சிக்கினால் பெட்ரோல் வழிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டும். தீப்பிடிக்கும் விஷயம் இது. எத்தனாலைத் தாங்கும் ஆர்9 ரக ஹோஸும், வைட்டான் ரப்பர் முனை வால்வும் போடுங்கள். மழைக்காலத்தில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க்கைக் காலி செய்வது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் அடியில் தங்கித் துருப்பிடிக்கும்.

அம்பாசடரின் 1489 சிசியும் இதே பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான், அதனால் பழைய அம்பாசடர் மெக்கானிக்குக்கு இந்த எஞ்சின் புதிதல்ல. அதற்காகப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் அம்பாசடர் ஹெட் கேஸ்கட் வாங்கிவிடாதீர்கள், போர் (சிலிண்டர் விட்டம்) அளவு வேறு.

சாவியைத் திருப்பியதும் வண்டியின் பின்னால் இருக்கும் பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோதும் அடித்துக்கொண்டே இருந்தால், டேங்க்குக்கும் பம்ப்புக்கும் இடையே எங்கோ காற்று புகுகிறது, அல்லது ஃப்ளோட் வால்வு மூடவில்லை. கார்ப்பரேட்டரில் கை வைக்கும் முன் இதைக் கேளுங்கள்.