இருபத்திரண்டு வருஷமும் ஒரு பூஜ்யமும்

"எத்தனை வருஷம் கார் ஓட்டியிருக்கிறீர்கள்?" என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் போனில் கேட்டார். இருபத்திரண்டு என்றேன், கொஞ்சம் கெத்தாகவே. "அமெரிக்காவிலா?" இல்லை, மதுரையில். அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் கீபோர்டில் ஒரே ஒரு தட்டு. என்ன போட்டீர்கள் என்றேன். பூஜ்யமாம்.

கோரிப்பாளையத்தில் ஷேர் ஆட்டோவுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே விரற்கடை இடைவெளியில் காரை நுழைத்தவன் நான். சித்திரைத் திருவிழா நேரத்தில் தல்லாகுளம் பக்கம் வண்டியெடுத்து, ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்ந்தவன். அப்பேர்ப்பட்டவனை நாற்பத்தாறு வயதில், மீசை முளைக்கும் பையன்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். டெக்சஸ் லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று வாரம்தானே ஆகிறது, அதைத்தான் கணக்கில் எடுப்போம் என்றார். ஊரில் என் காருக்குத் தேர்ட் பார்ட்டி, அதாவது நான் இடித்து அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கான இன்சூரன்ஸ், வருஷத்துக்கு 3,416 ரூபாய். இங்கே அதைப்போல நாலு மடங்கு, அதுவும் மாதாமாதம்.

சரி, சட்டம் கேட்கிற குறைந்தபட்சமே போதும் என்றேன். முப்பது, அறுபது, இருபத்தைந்து என்று மந்திரம் போல ஒப்பித்தார். நான் இடித்து ஒருவர் காயப்பட்டால் 30,000 டாலர் வரை, எத்தனை பேர் அடிபட்டாலும் மொத்தம் 60,000, அடுத்தவர் வண்டிக்கோ வேலிக்கோ 25,000. என் கார் நசுங்கினால் அதில் ஒரு பைசா கிடையாது. இதுகூட இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை அபராதம் 175 முதல் 350 டாலர். நம்பர் பிளேட் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தே போலீஸ் கண்டுபிடித்துவிடும். டாஷ்போர்டைத் துழாவி, "இங்கதான் சார் வச்சேன்" என்று இழுக்கிற கலைக்கு இங்கே வேலையில்லை.

கீழ்வீட்டுத் திருநெல்வேலித் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, இங்க ஒரு பிக்கப் டிரக்கே அறுபதாயிரம் டாலர் போகுது. பின்னாடி போய் முட்டுனீங்கன்னா இருபத்தஞ்சுக்கு மேல உங்க கைக்காசுதான்." ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை, பயந்துவிடுவேன் என்று நினைத்திருப்பான். ஊர்த் தேர்ட் பார்ட்டியில் உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பே இல்லை, கோர்ட் சொல்வதைக் கம்பெனி கட்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அது டிராபிக் போலீஸுக்குக் காட்டுகிற காகிதம், அவ்வளவுதான்.

இடித்தவனிடம் இன்சூரன்ஸே இல்லை என்றால் நம்மைக் காப்பாற்ற ஒரு கவரேஜ் உண்டு. அதை வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தால்தான் விடுவார்கள். வேண்டாம் என்பதற்குக் கையெழுத்து கேட்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப்போட்டு, முப்பது, அறுபது, இருபத்தைந்துக்குப் பதில் 100, 300, 100 (எல்லாம் ஆயிரம் டாலரில்) என்று எடுத்தேன்.

ஊரில் நமக்கு இன்சூரன்ஸ் என்பது ஆயுத பூஜையன்று அப்பா உடைக்கிற பூசணிக்காய். மீறி எங்காவது உரசினால் கூட்டம் கூடும், டீக்கடைப் பெரியவர் ஒருவர் பஞ்சாயத்துக்கு வருவார், "டிங்கரிங்குக்கு ஐந்நூறு குடுத்துட்டுக் கிளம்புப்பா" என்பார். அந்த ஐந்நூறை முந்நூறாகக் குறைக்க நாம் ஒரு பத்து நிமிஷம் கத்துவோம். அந்தக் கத்தல் இல்லாமல் நாக்கு நமநமக்கிறது.

இப்போது பழகிவிட்டது. ஏழு மாதமாக ஹாரன் பக்கம் கை போகவில்லை. ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டியிலிருந்து ஃப்ரீவேயில் ஏறினால் நானும் டெக்சஸ்காரன்தான். போன ஞாயிறு பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போய், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கார் பூஜையையும் முடித்தோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அது நசுங்குகிற சத்தம் கேட்டதும், கிழக்குக் கோபுர வாசலில் எங்கள் பழைய அம்பாசடருக்குள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. "மெதுவா எடுடா" என்பார். மெதுவாகத்தான் எடுத்தேன்.

கோயில் வாசலில் இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டேன். ஊரில் அது வலது கையில்தானே? வெயில் கொளுத்துகிறது. வைப்பர் விறுவிறுவென்று எழுந்து, குருக்கள் வைத்த சந்தனப் பொட்டைக் கண்ணாடி முழுக்க இழுத்துவிட்டது.

"அந்த ஏஜென்ட் சரியாத்தான் போட்டிருக்கார்" என்றாள் மனைவி.