ஒரு மணி நேரம், எதிலிருந்து எதுவரை?

சென்ற ஞாயிறு சிங்கப்பூர் ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்குத் தமிழ்த் திருப்பலிக்காக அம்மாவை அழைத்துச் சென்றபோது, டாக்சியை விட்டு இறங்கியதுமே அவருக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது. நெற்றி வியர்த்து, செபமாலை பிடித்திருந்த விரல்கள் நடுங்கத் தொடங்கின. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் மைலோ பாக்கெட்டில் உறிஞ்சுகுழாயைச் செருகிக் குடிக்க வைத்து, இரண்டு மேரி பிஸ்கட்டுகளையும் கொடுத்தேன். காலையில் ஒன்றும் சாப்பிடாத பதற்றத்தில் மூன்றாவதை நானே தின்றுவிட்டேன். திருப்பலி தொடங்கக் கால்மணி நேரம் இருந்தது.

புனித அப்பம் பெறும் நற்கருணை வரிசை நகர்ந்தபோது அம்மா எழவில்லை. "சாப்பிட்டாச்சே, எப்படி நன்மை வாங்குறது? நீ போயிட்டு வா" என்றார். நானும் போகவில்லை, காலில் வலி என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்து, இதைப் பற்றிப் பேசும் 919ஆம் சட்டத்தைப் பொறுமையாகப் படித்தேன்.

நற்கருணை வாங்குவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பிருந்து, தண்ணீரும் மருந்தும் தவிர வேறு உணவோ பானமோ கொள்ளக்கூடாது என்பதே அதன் முதல் பகுதி. கணக்கு திருப்பலி தொடங்கும் நேரத்திலிருந்து அன்று, நன்மை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ஞாயிறு திருப்பலி தொடங்கி நற்கருணை வழங்கும் நேரம் வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்பதால், கோப்பிக்கடையில் திருப்பலிக்கு அரை மணி நேரம் முன்பு புரோட்டாவை முடித்தவருக்குக்கூடத் தடை இல்லை. அன்றைய மறையுரையின் நீளத்தைப் பார்த்தால், எங்கள் பிஸ்கட்டுக்கே ஒரு மணி நேரம் கடந்திருக்கும். ஆனால் பால் இல்லாத கோப்பி தண்ணீர்தானே என்று வாதிடுவோருக்கு இச்சட்டத்தில் இடமில்லை. சூயிங்கம் மென்றால் நோன்பு முறியுமா என்று பிற நாடுகளில் மறைக்கல்வி ஆசிரியர்களைப் பிள்ளைகள் துளைத்தெடுக்கும் கேள்வி, 1992 முதல் அதன் இறக்குமதியே தடைசெய்யப்பட்ட நம் ஊரில் அவ்வளவாக எழுவதில்லை.

அம்மாவின் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். அவர் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியது 1952இல்; அப்போது நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. முந்தின இரவு, பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து குடித்துவிடாமல் இருக்க, பாட்டி தண்ணீர்ப் பானையின் தட்டின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிடுவாராம். காலையில் பல் துலக்கும்போது ஒரு மிடறு உள்ளே போய்விடாதபடி தலையை நன்றாகக் குனிந்து வாய் கொப்புளிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்ப்பாராம். சாகும் தறுவாயில் வழியுணவாக நற்கருணை பெறுவோரை அந்த நோன்பு கட்டுப்படுத்தவில்லை.

1953 சனவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தண்ணீர் நோன்பை முறிக்காது என்று அறிவித்ததோடு, மாலைத் திருப்பலிகளுக்கும் வழி திறந்தார். நள்ளிரவு நோன்பு இருந்தவரை மாலையில் திருப்பலி வைத்தால் மக்கள் பகல் முழுதும் பட்டினி கிடக்க வேண்டியிருந்திருக்கும். ஞாயிறும் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆலயத்துக்கு வரும் நம் தொழிலாளர்களை எண்ணிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். 1957இல் திட உணவுக்கும் மதுவுக்கும் மூன்று மணி நேரம், மற்றப் பானங்களுக்கு ஒரு மணி நேரம் என்று சுருங்கியது. 1964 நவம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் எல்லாவற்றையும் ஒரு மணி நேரமாக்கினார். பாட்டி வீட்டுப் பானையின் மேல் குழவி மட்டும் சட்டம் மாறிய பிறகும் சில ஆண்டுகள் இருந்ததாம்.

எனக்கு வேண்டியிருந்தது 919இன் மூன்றாம் பகுதி. முதியோரும், நோயுற்றோரும், அவர்களைக் கவனித்துக்கொள்வோரும், முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் 1973இல் கால்மணி நேரமாகக் குறைக்கப்பட்டிருந்த நோன்பு, 1983இன் சட்டத் தொகுப்பில் அதுவும் இல்லாமல் போயிற்று. எத்தனை வயதானால் முதியவர் என்று இங்கே எண் எதுவும் இல்லை. திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய, ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் ஒருசந்தியின் 18 முதல் 59 வரையிலான வயது வரம்பைக் கொண்டுவந்து இதனோடு ஒட்டிக்கொள்வோரைப் பார்த்திருக்கிறேன். அது வேறு சட்டம், வேறு நோன்பு. நோயாளியின் தலைமாட்டில் இருப்பவருக்கும் பசிக்கும், அவரும் நினைத்த நேரத்தில் சாப்பிட முடியாது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

மூன்றாம் பகுதியை அம்மாவிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டவர், "கவனிச்சுக்கிறவங்களுக்கும்னு போட்டிருக்கா? அப்போ நீ தின்ன பிஸ்கட்டும் அதுல அடங்கிடுச்சு. கால்வலின்னு பொய் சொன்னதுக்குத்தான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்றார்.