கணவன் மனைவி கவுன்சிலிங்: நாங்கள் பட்ட பாடு

சரியான தெரபிஸ்ட்டிடம் போய்ச் சேர்வதற்குள் நொந்து நூலாகிவிட்டோம். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் போனது சென்னையில் ஓரளவு பெயரெடுத்த ஒரு சென்டர். உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்டது, "குழந்தையை ஏன் தள்ளிப்போடுறீங்க?" நாங்கள் போனது அதற்கே இல்லை. எதைச் சொன்னாலும் எனக்கு "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கம்மா", என் கணவருக்கு "வாரம் ஒரு தடவை வெளியில கூட்டிட்டுப் போங்க சார்". இதற்கு என் பெரியம்மாவே போதும், காபியாவது கொடுப்பார். அதைவிடக் கொடுமை, நான் தனியாகச் சொன்ன ஒரு விஷயத்தை அடுத்த வாரம் அவர் முன்னால் போட்டு உடைத்தது. அதோடு நிறுத்திவிட்டோம். பேக்கேஜ் என்று மொத்தமாகக் கட்டிய பணம் போனது போனதுதான். தயவுசெய்து மொத்தமாகக் கட்டாதீர்கள்.

இன்சூரன்ஸையும் நம்ப வேண்டாம். 2017 மனநலச் சட்டத்தைக் காட்டி க்ளெய்ம் போட்டேன். அது மனநோய்க்கான சிகிச்சைக்கு, தம்பதி கவுன்சிலிங்குக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த தெரபிஸ்ட்டைப் பார்க்கும் முன் போனிலேயே எல்லாம் கேட்டுக்கொண்டேன். எந்த முறையில் வேலை செய்வீர்கள், தனியாகச் சொல்வதை என்ன செய்வீர்கள், கட்டணம் எப்படி. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னதால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணையும் வாங்கிச் சரிபார்த்தேன். கோபப்படாமல் சொன்னார். கோபப்படுகிறவர்களிடம் போகாதீர்கள்.

இவருடையது எமோஷனலி ஃபோகஸ்டு தெரபி. 1980களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் கனடாவில் உருவாக்கிய முறை. யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்தே கிடையாது. சண்டை எப்படிச் சுழல்கிறது என்றுதான் பார்ப்பார். நான் விடாமல் கேட்பேன், என் கணவர் பால்கனிக்குப் போய்விடுவார். அவர் போகப் போக என் குரல் ஏறும், குரல் ஏற ஏற அவர் இன்னும் ஒதுங்குவார். ஒருநாள் தெரபிஸ்ட் எதிரிலேயே அது ஆரம்பித்தது. நிறுத்தி, "அவங்க குரல் உயர்ந்ததும் உங்களுக்கு உள்ள என்ன ஆச்சு?" என்று என் கணவரிடம் கேட்டார். ரொம்ப நேரம் கழித்து, "எது சொன்னாலும் தப்பாயிடும்னு பயமா இருக்கு" என்றார். அலட்சியம் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நாள் எனக்குச் சுருக்கென்றது. "நீங்களும் அவர் பக்கம்தானே மேடம்" என்று கேட்டேவிட்டேன். பழைய இடமாக இருந்தால் லெக்சர் கிடைத்திருக்கும். இவர், "நான் சொன்னதுல எது அப்படிப் பட்டுச்சு? சொல்லுங்க" என்றார். சொன்னேன். "ஆமா, உங்களை முழுசாக் கேட்காம அவர்கிட்ட போயிட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். என் மேல் வருத்தப்பட்டாலும் சொல்லுங்கள், அதுவும் இங்கே வேலைதான் என்றார். மனஸ்தாபத்தை வாய்விட்டுச் சொல்லி, யாரும் எழுந்து போகாமல் அது சரியானதை நான் பார்த்தது அன்றுதான். அந்த வாரமே வீட்டில் அதைச் செய்து பார்த்தேன். அவர் பால்கனிக்குப் போகவில்லை!

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் ஜோடியாகப் போவதில் ஆரம்பிக்காதீர்கள். 181 பெண்கள் உதவி எண். மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மாமனார் மாமியார் கூட இருப்பவர்கள் ஆன்லைன் செஷனைத் தவிருங்கள், கதவைச் சாத்தினாலே கேள்வி வரும். நேரில் போவதென்றால் சனிக்கிழமை ஸ்லாட்டை முன்கூட்டியே பிடித்து வையுங்கள், அதுதான் முதலில் தீர்கிறது.