சிறுவீட்டுப் பொங்கல் வரை

ஜனவரி 11, 2025, சனி

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வந்து இறங்கியதுமே பிள்ளைகளை அம்மா வேலைக்கு இழுத்துக்கொண்டாள். சிறுகிழங்கு உரிக்கிற வேலை. மண் ஒட்டிய கிழங்கை ஊறவைத்து, ஈரச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, தரையில் முன்னும் பின்னுமாக உருட்டித் தேய்க்க வேண்டும். ஒரு முனையில் ஆறு வயது மூத்தவள், மறுமுனையில் மூன்று வயது சின்னவன். சாக்கைப் பிரித்தபோது பாதித் தோல் கழன்றிருந்தது. கண்ணிலும் பள்ளத்திலும் ஒட்டியிருந்ததை நானும் அம்மாவும் சுரண்டினோம். எல்லார் விரலும் கறுத்துவிட்டது.

"ஆச்சி, இது போகுமா?"

"பொங்கலுக்குப் பொறவு போயிரும்ட்டி."

சாயங்காலம் வரை தெருவில் போகிறவர்களிடமெல்லாம் இருவரும் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

விடியும் முன்னே முற்றத்தில் கோலம். அடுப்புக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்த பொங்கல் கட்டிகள், பக்கத்தில் பனையோலைக் குவியல். பால் பொங்கலுக்கு ஒரு பானை, சர்க்கரைப் பொங்கலுக்கு ஒன்று. பனையோலை சடசடவென்று பிடித்து அதே வேகத்தில் அடங்கிவிடும், தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அது அப்பாவின் வேலை. பால் பொங்கி வழிந்ததும் அம்மா குலவையிட்டாள். அதற்கப்புறம் தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "பால் பொங்கிட்டா?"

மத்தியானம் தரையில் வரிசையாக இலை போட்டோம். பால் பொங்கல், சாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல். சின்னவன் வீட்டில் பூசணிக்காயைத் தொடவே மாட்டான். இன்று தாத்தாவுக்கும் அண்ணன் மகனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவன் இலையைப் பார்க்கவில்லை, "சாப்பிடு, சாப்பிடு" என்று சொல்லவும் இல்லை. அண்ணன் மகன் பூசணித் துண்டை எடுத்து வாயில் போடுவதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, தன் இலையில் கிடந்ததையும் எடுத்துத் தின்றான். பெரியவர்கள் பிள்ளைகளின் இலையிலிருந்து கண்ணை எடுத்தாலே போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிறுகிழங்கு கேட்கவே வேண்டாம். தாங்கள் உருட்டிய கிழங்கு என்று இருவரும் பங்குக்குச் சண்டை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டில் சுண்டக்கறி. நேற்று மிஞ்சிய சாம்பார், அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் ஊற்றிச் சுண்டவைப்பது. கூடவே பழைய சோறு. விருந்தைவிட இதுதான் எனக்கு உசத்தி.

அம்மா பழைய சோற்றைப் பிழிந்து சின்ன உருண்டையாகப் பிடித்தாள். கட்டை விரலால் நடுவில் ஒரு குழி, குழிக்குள் சுண்டக்கறி, அப்படியே நீட்டிய உள்ளங்கையில் வைத்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு முறை வைத்து ஒவ்வொன்றாக. தன் முறை வருவதற்குள் வாயில் இருப்பதை முடித்தாக வேண்டும். தட்டில் போட்டுக் கொடுத்தால் அரைமணி நேரம் அளைகிற பிள்ளைகள்தான் இவர்கள்.

ஜனவரி 22, புதன்

பாளையங்கோட்டை. பள்ளிக்கூடம், ஆபீஸ். ராத்திரிச் சாப்பாடு ஒன்றுதான் எல்லாரும் சேர்ந்து உட்காரக் கிடைக்கிற நேரம். டிவியை அணைத்துவிட்டு, ரசம் சோற்றை ஒரே சட்டியில் பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். ரசம் சோறு உருண்டைக்கு நிற்காது, ஒழுகியது. நாளைக்குப் பருப்புச் சோறு.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

இன்று சிறுவீட்டுப் பொங்கல். இதற்காகவே மறுபடி அம்பாசமுத்திரம்.

மார்கழி முழுக்க விடியற்காலையில் கோலத்தின் மேல் சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூ செருகுவது இங்கே வழக்கம். அம்மா அந்தப் பூவையும் சாணியையும் சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைத்திருந்தாள். பிள்ளைகளுக்கு முற்றத்தில் மண்ணால் ஒரு குட்டி வீடு. முழங்கால் உயரச் சுவர், ஒரு வாசல், உள்ளே ஓர் அடுப்பு. பல வீட்டு முற்றங்களில் இப்போது சிமெண்டு போட்டுவிட்டார்கள். அடுத்த வீட்டில் செங்கல் அடுக்கி மொட்டைமாடியில் கட்டியிருந்தார்கள். எப்படியாவது கட்டுகிறார்களே, எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

சிறுவீடு பெண்பிள்ளைகளுக்கானது என்பார்கள். சின்னவனையும் சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். தின்கிறவன் பொங்கவும் கற்றுக்கொள்ளட்டும். அம்மா மறுக்கவில்லை. "அரிசியக் களையச் சொல்லு" என்றாள். பாதி அரிசி தரையில் போனது, மீதி பானைக்குள் போனது.

மூத்தவள் வெல்லம் தட்டிப் போட்டாள், தீயை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன். அடி கொஞ்சம் பிடித்துவிட்டது. புகை வாசத்தோடு இருந்த அந்தப் பொங்கலைப் பிள்ளைகள் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். அங்கே பொங்கிய பிள்ளைகள் தங்கள் பொங்கலைத் திருப்பி வைத்தார்கள். ஏலக்காய் கூடியது, இனிப்பு குறைந்தது, தேங்காய் போட்டது என்று நான்கைந்து ருசி எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து தின்றோம்.

சாயங்காலம் தாமிரபரணிக்குப் போனோம். வறட்டியின் மேல் இலை, இலையில் கொஞ்சம் பொங்கல், ஏற்றிய சூடம். படித்துறையிலிருந்து பிள்ளைகள் தண்ணீரில் விட்டார்கள்.

கிளம்பும்போது அம்மா ஒரு தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். நாளைக்கு டிபன் பாக்ஸில் அதைத்தான் வைக்க வேண்டும் என்று மூத்தவள் சொல்லிவிட்டாள். பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் சேர்த்து வைக்கணுமாம்.