பஞ்சுவுக்கு எப்போது

ஜனவரி 6

நூல் நிறுக்கும் தராசில் எங்கள் பூனைக்குட்டி பஞ்சுவை உட்கார வைத்துப் பார்த்தோம். இரண்டு கிலோவுக்கு மேல் காட்டுகிறது. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பிறந்தவள், ஐந்து மாதம் ஆகிவிட்டது. இந்த எடை வந்துவிட்டால் பெட்டைக் குட்டி எந்த நாளும் பருவத்துக்கு வரலாம், சிலது நாலு மாதத்திலேயே வந்துவிடும். குளிர் நாட்டுப் பூனைகளுக்காவது பகல் சுருங்கும் மாதங்களில் ஓய்வு உண்டு. நம்ம பக்கம் மார்கழியிலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது, வருஷம் முழுக்கப் பருவம்தான். தடுப்பூசி இரண்டும் போட்டாகிவிட்டது. இனி கருத்தடை ஆபரேஷனுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்?

ஜனவரி 7

கால்நடை டாக்டர் போன் எடுக்கவில்லை.

ஜனவரி 10

எடுத்தார். "ஒரு ஈத்து போடட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம். அதுதான் அதோட உடம்புக்கு நல்லது." இரண்டு நிமிஷம் கூடப் பேசவில்லை. வீட்டிலும் இதையே சொல்கிறார்கள், தறிக்குத் தார் சுற்ற வரும் அக்காவும் இதையே சொல்கிறார். ஆத்தா சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை, கட்டுத்தறியில் மாடுகளோடு வாழ்ந்தவர், தலையீத்து ஈன்றால்தான் கிடாரி மாடாகும் என்பது அவர் கண்ணால் பார்த்த கணக்கு. படித்த டாக்டர் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு ஈத்து போட்டால் பூனைக்கு என்ன நல்லது? பூனைக்கு மார்பில் வரும் கட்டிகளில் பத்துக்கு எட்டு ஒன்பது புற்றுநோய்க் கட்டிகள். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்த பூனைகளுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைகிறது, ஒரு வயதுக்குள் என்றால் 86, இரண்டாம் வயதில் செய்தால் பெரிதாக ஒரு பலனும் இல்லை என்று 2005ல் வந்த ஆய்வு சொல்கிறது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் குழு ஒன்று ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று 2016லேயே சொல்லிவிட்டது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற நோயும் அதோடு போய்விடும்.

பஞ்சுவின் அம்மாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினை பிடித்தது. முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டும். கடைசி ஈத்தில் நாலு குட்டி, இரண்டைக் கடுவன் பூனை கடித்துப் போட்டுவிட்டது, ஒன்று வாந்தியெடுத்தே செத்தது, மிச்சம் இவள். அந்த உடம்புக்கு எந்த ஈத்து நல்லது செய்தது?

ஜனவரி 13

பொங்கல் நோம்பிக்குத் தங்கச்சி பாப்பா வந்துவிட்டாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. பஞ்சு நேராகப் போய் அவள் மடியில் ஏறப் பார்த்தது, ஆத்தா விரட்டிவிட்டார்.

சாயங்காலம் ஆபரேஷன் பேச்சை எடுத்தேன். "ஏங்கண்ணு, புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல வாயில்லாச் சீவனுக்குக் கத்தி வெக்கலாமா? பங்குனி போகட்டும்" என்றார் ஆத்தா. அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பங்குனி வரை பஞ்சு பொறுக்க மாட்டாளே.

ஜனவரி 14

காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் கட்டி முடித்து நிமிரும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம். பூனைச் சத்தம் மாதிரியே இல்லை, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பஞ்சு தறிக்குழி ஓரம் தரையில் புரள்கிறாள். கன்னத்தைத் தரையில் தேய்க்கிறாள், முன்னங்கால் இரண்டையும் மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்னங்கால்களால் இருந்த இடத்திலேயே மிதிக்கிறாள், முதுகில் கை வைத்தால் வால் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பாப்பா பயந்துவிட்டாள். வயிற்று வலி, எதையோ தின்றுவிட்டது, நூலை விழுங்கியிருக்கும் என்று அழவே ஆரம்பித்தாள்.

ஆத்தா வாசல்படியில் உட்கார்ந்தபடியே சொன்னார். "வயித்து வலியுமில்ல ஒண்ணுமில்ல. கடுவனக் கூப்புடுது."

வந்துவிட்டது. நாலு நாள் முன்னாடி அந்த டாக்டர் சரி என்றிருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும்.

ஜனவரி 15

பொங்கல். வாசலில் பால் பொங்குகிறது, உள்ளே இவள் கத்துகிறாள்.

ஜனவரி 16

தூக்கமே இல்லை. பொடக்காளிக் கதவு, ஜன்னல், ஓட்டுச் சந்து, எல்லாவற்றையும் சாக்கு வைத்து அடைத்திருக்கிறேன். ராத்திரி ஓட்டு மேல் கடுவன். அரைக் காது போன அந்தச் சாம்பல் கடுவன்தான், குட்டிகளைக் கடித்ததும் அதுதான் என்று அப்பா சொல்வார். விடிந்து பார்த்தால் திண்ணையில் வைத்திருந்த ஊடை நூல் மூட்டையில் பீய்ச்சிவிட்டுப் போயிருக்கிறது, நாற்றம் வயிற்றைக் குமட்டுகிறது, அப்பா ஒன்றும் சொல்லாமல் மூட்டையைத் தூக்கி வெயிலில் போட்டார்.

மாட்டுப்பொங்கல் என்று ஆள்கள் வந்தபடி இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் கதவைத் திறக்கும்போதும் எனக்கு உயிர் போகிறது. இவள் வெளியே போய் ஒரு நிமிஷம் இருந்தால் போதும். பூனைக்குச் சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளியாகும், அதனால் சேர்ந்தால் பெரும்பாலும் சினைதான். ஒரே ஈத்துக் குட்டிகளுக்கு இரண்டு மூன்று கடுவன்கள் அப்பனாக இருக்கக்கூட முடியும்.

ஐந்து மாதக் குழந்தை இவள். இன்னும் கோன் அட்டையை உருட்டி விளையாடுகிறாள்.

ஜனவரி 17

பூப்பறிக்கும் நோம்பிக்கு எல்லோரும் போயிருக்கிறார்கள். நானும் பஞ்சுவும் வீட்டில்.

ஜனவரி 19

பாப்பாவின் மாமியார் போன் செய்தார். மாசமாக இருக்கிற பெண் பக்கத்தில் பூனை இருந்தால் குழந்தைக்கு ஆகாதாமே, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றார். நல்ல மனுஷி, பயத்தில் கேட்கிறார். பொறுமையாகச் சொன்னேன். அவர் சொல்வது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி, அது பூனையின் கழிவில் வருவது உண்மைதான். முதல் தடவை கிருமி தொற்றும்போதுதான் பூனை அதை வெளியேற்றும், அதுவும் ஒன்றிரண்டு வாரம், பெரும்பாலான பூனைகளுக்கு அதோடு சரி. கழிவில் விழுந்த கிருமி ஒட்டுகிற பக்குவத்துக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். மண் தட்டை நான் தினமும் காலையில் நேரமே அள்ளிவிடுகிறேன், பாப்பா அந்தப் பக்கமே போவதில்லை. அரைவேக்காட்டுக் கறியிலும் கழுவாத கீரையிலும்கூட அந்தக் கிருமி இருக்கும், அதையும் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். சரிம்மா என்றார். மனசு ஆறியதா என்று தெரியவில்லை.

ராத்திரி ஆத்தாவிடம் மறுபடியும் உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஆய்வு கீய்வு எதுவும் பேசவில்லை. மாட்டுப்பொங்கல் அன்றைக்கு இவள் வெளியே போயிருந்தால் எப்போது குட்டி போட்டிருப்பாள் என்று காலண்டரை எடுத்துக் காட்டினேன். பூனைக்குச் சினைக்காலம் 63லிருந்து 65 நாள். மார்ச் 20, 22 வாக்கில் வருகிறது. பாப்பாவுக்கு டாக்டர் கொடுத்த தேதியும் அந்த வாரம்தான்.

ஆத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலண்டரையே பார்த்தார். "அப்ப ரெண்டு பேறுகாலமும் ஒட்டுக்கா வருமா?"

ஆமாங்காத்தா, இப்ப தப்பிச்சாலும் ரெண்டு மூணு வாரத்துல மறுபடியும் கத்தும், அப்பவும் பச்சப்புள்ள இருக்கற ஊட்டுலதான் குட்டி போடும் என்றேன்.

"ஒரே ஊட்டுல ரெண்டு பேறுகாலம் ஆகாது சாமி. வெரசாப் பண்ணிப்போடு. மலைக்கோயிலுக்கு ஒரு வெளக்கு மட்டும் வேண்டிக்க."

எழுந்து போய் வேண்டிக்கொண்டேன்.

ஜனவரி 21

சத்தம் நின்றுவிட்டது. வீடு காலியான மாதிரி இருக்கிறது. பஞ்சு நாள் முழுக்கத் தூங்குகிறாள்.

ஜனவரி 22

ஈரோட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். சின்ன வயசு டாக்டரம்மா. ஈறைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்து ரொம்ப நேரம் கேட்டார், தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தார். பருவத்தில் இருக்கும்போதும் செய்யலாம், ஆனால் கர்ப்பப்பையில் ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும், அடங்கி ஒரு வாரம் கழித்துச் செய்வது நல்லது, அதற்கு மேல் தள்ளினால் அடுத்த சுற்று வந்துவிடும் என்றார். 29 வியாழக்கிழமை. பருவம் வராமல் இருக்க ஊசி போடலாமே என்று தார் சுற்றும் அக்கா சொன்னதையும் கேட்டேன். அந்த ஹார்மோன் ஊசியால் கர்ப்பப்பையில் சீழும் மார்பில் கட்டியும் வரலாம், வேண்டாம் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜனவரி 25

பாப்பாவுக்குக் கட்டுச்சோறு விருந்து. வீடு நிறைய ஒறம்பரை. பஞ்சுவை அட்டாலி அறையில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பந்தி பரிமாறினேன்.

ஜனவரி 28

ராத்திரி பத்து மணிக்கு மேல் சோறு வைக்கக் கூடாது, தண்ணீர் காலை வரைக்கும் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வயிற்றில் எதுவும் இருந்தால் மயக்கத்தில் வாந்தி மேலேறி நுரையீரலுக்குப் போய்விடுமாம். ஒன்பதே முக்காலுக்குக் கடைசியாக மீன் போட்டேன். தட்டை நக்கி முடித்துவிட்டு என் கால் மேல் வந்து படுத்துக்கொண்டாள். சரிதான் என்று எனக்குத் தெரியும், எல்லாக் கணக்கும் எனக்குத் தெரியும், ஆனாலும் இவள் ஒன்றும் தெரியாமல் தூங்குகிறாள், நாளைக்கு நான் கூடையில் போட்டு மூடப்போகிறேன். மயக்கம் தெளியாமலே போய்விட்டால்? இரண்டு கிலோ உடம்பு. டாக்டரம்மாவிடம் கேட்டபோது ஆரோக்கியமான குட்டிக்கு ஆபத்து ரொம்பக் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் நிற்கிறது. நேர்மையாகச் சொன்னார், அதற்காகத்தான் அவரிடம் போகிறேன்.

பாப்பா தூங்கவில்லை. பழைய பனியனில் நாலு கால் ஓட்டை வைத்துப் பஞ்சுவுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். கழுத்துப் பட்டை போட்டால் இவள் தறிக்காலில் எல்லாம் முட்டிக்கொள்வாள் என்று அவளே யோசித்தாளாம்.

ஜனவரி 29

முடிந்தது. நல்லா இருக்கிறாள்.

பெருந்துறை தாண்டும் வரை கூடைக்குள் கத்திக்கொண்டே வந்தாள். உள்ளே எடுத்துப் போனதும் நானும் அப்பாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா வருவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, தறியை நிறுத்திவிட்டு வந்தார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கர்ப்பப்பை, சூலகம் இரண்டும் எடுத்தாயிற்று என்று டாக்டரம்மா வந்து சொன்னார்.

கண் திறந்தபடி மயக்கத்தில் கிடந்தாள். நாக்கு நுனி வெளியே. வயிற்றில் முடி மழித்த இடம் இளஞ்சிவப்பாக, நடுவில் என் சுண்டுவிரல் அளவு தையல். உடம்பு ஜில்லென்று இருந்தது. சென்னிமலை வரும் வரை அப்பா அவளைப் போர்வைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார்.

மயக்கம் முழுசாகத் தெளியும் வரை உயரத்தில் விடக் கூடாது, தரையிலேயே படுக்கை. ராத்திரி எழுந்து நாலடி வைத்துச் சாய்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஆத்தா மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜனவரி 30

காலையில் ஒன்றுக்குப் போனாள். நிம்மதி.

வலிக்குமே, அரைப் பாராசிட்டமால் கரைத்துக் கொடு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். பாதி மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும், அதன் ஈரலால் அதை முறிக்க முடியாது. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைத் தவிர எதுவும் கொடுக்க மாட்டேன். யார் வீட்டில் பூனை இருந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

சட்டை சரியாகப் பொருந்தியிருக்கிறது.

பிப்ரவரி 1

பூசம். மலைக்குப் போய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். வேட்டுச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளிந்துகொண்டாள், பின்னேரம் வந்து முழுத் தட்டையும் தின்றாள்.

பிப்ரவரி 4

தையலுக்கு அடியில் சின்னதாகக் கெட்டியாக ஏதோ தட்டுகிறது. சிவப்பும் இல்லை, நீரும் கசியவில்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். உள்தையல் ஆறும்போது அப்படித்தான் இருக்கும், குதிக்க விடாதீர்கள் என்று பதில் வந்தது. இவளைக் குதிக்காமல் வைப்பது எப்படி? பாவு மேல் ஏறிப் படுத்திருக்கிறாள், அப்பாவும் இறக்கிவிடாமல் நெய்கிறார்.

பிப்ரவரி 7

ராத்திரி மறுபடியும் ஓட்டு மேல் அந்த அரைக்காதுக் கடுவன். பஞ்சு தலையைக்கூடத் தூக்கவில்லை. அது வந்தது பக்கத்து வீட்டுக் குட்டிக்காக இருக்கும், அதற்கும் நாலு மாதம் முடியப்போகிறது. அந்த அக்கா ஒரு ஈத்து போடட்டும் என்றுதான் சொல்வார். தையல் பிரிக்கப் போகும்போது அவரையும் ஈரோட்டுக்குக் கூட்டிப் போய் டாக்டரம்மாவிடம் பேச வைக்க வேண்டும். நாளைக்குக் காலையிலேயே போய்க் கேட்கிறேன்.